வெஜ் நூடுல்ஸ் சூப்னு நம்பி அம்மாவுக்கு வாங்கிக் குடுத்தேன், உள்ள கோழித் தண்ணி. கோயம்புத்தூர் மக்களே கொஞ்சம் பாத்து சாப்புடுங்க

ரெண்டு நாளா மனசு ஆறலைங்க, அதான் எழுதறேன். கடை பேரு போடலை, சத்தி ரோட்டுப் பக்கம் புதுசா ஆரம்பிச்ச சைனீஸ் டம்ப்ளிங் நூடுல்ஸ் கடைனு மட்டும் வெச்சுக்கங்க. இந்த மாதிரி எந்தக் கடைக்குப் போனாலும் நடக்கக்கூடிய விஷயம்தான் இது.

போன சனிக்கிழமை புரட்டாசி மூணாவது சனி. என்ற அம்மாவுக்கு 68 வயசு, புரட்டாசி பொறந்தா மாசம் முச்சூடும் கவுச்சி தொட மாட்டாங்க, முட்டை கலந்த கேக்கு கூட வேண்டாம்பாங்க. காலைல காரமடை ரங்கநாதர் கோயிலுக்குப் போயிப்போட்டு, ஒறம்பரை வீட்டுல மத்தியானம் சாப்பாடு முடிச்சு, திரும்பி வாரப்ப சாயங்காலம் ஆயிருச்சு. என்ற பொண்ணு ரொம்ப நாளா டம்ப்ளிங் டம்ப்ளிங்னு கேட்டுட்டே இருந்தா, வழியில அந்தக் கடை வேற வந்துச்சு, அம்மா என்ன கண்ணு அதுன்னாங்க, கொழுக்கட்டையாட்டம் உள்ள காய் வெச்சு ஆவில வேக வெப்பாங்க அப்பத்தா, நூடுல்ஸ் நம்ம சந்தகையாட்டமே இருக்கும்னு இவ சொல்ல, அப்ப நானும் ஒரு வாய் பாக்கறேன்னு அவங்களே ஆசைப்பட்டு எறங்கினாங்க. வீட்டுல சந்தகை புழியறதுல கை தேர்ந்தவங்க, அதனால அது எப்படி இருக்குதுனு பாக்கோணும்னு ஒரு ஆசை.

நான் உக்காந்ததும் மொதல்ல கேட்டது இதுதான். "தம்பி அம்மா புரட்டாசி விரதம், சுத்த சைவமா ஏதாச்சும் இருக்குதுங்களா?" மெனு கார்டுல பச்சைப் புள்ளி போட்ட பக்கத்தைக் காட்டி, வெஜ் நூடுல்ஸ் சூப் வாங்குங்கண்ணா, தாராளமா சாப்புடலாம்னு சொன்னாப்ல. ரெண்டு தடவை கேட்டேங்க. ரெண்டு தடவையும் சரின்னாப்ல.

சூப் வந்துச்சு. அம்மா நாலஞ்சு ஸ்பூன் குடிச்சிருப்பாங்க, அப்புறம் கிண்ணத்தையே பாத்துட்டு இருந்தாங்க. "கண்ணு, இதுல ஒரு வாசம் வருது பாரு"ன்னாங்க. நான் வாங்கிப் பாத்தேன். மேல எண்ணெய் சின்னச் சின்ன வட்டமா மிதக்குது, அந்த மஞ்சள் பாத்தாலே தெரியுது காய்கறித் தண்ணில அப்படி வராது. கீரைத் தண்டை ஸ்பூன்ல தூக்கினேன், அதோட அடியில வெள்ளையா நூலாட்டம் ஒண்ணு ஒட்டிட்டு இருக்கு, விரல்ல எடுத்து நசுக்கிப் பாத்தா கோழிக்கறி நாருங்க.

அந்தத் தம்பியைக் கூப்புட்டா அவன் முகம் மாறிப்போச்சு, "ஸ்டாக் எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்கண்ணா, பீஸ் எதுவும் போடலீங்க"ன்னான். ஸ்டாக்னா சூப்புக்குனு மொதல்லயே கொதிக்க வெச்சு வெச்சிருக்கற தண்ணிங்க. அவனை நான் குத்தம் சொல்ல மாட்டேன், அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே அவ்வளவுதான். சூப்பர்வைசர்னு ஒருத்தர் வந்தாரு பாருங்க, "சைனீஸ் ஃபுட்னா அப்படித்தாங்க இருக்கும், டேஸ்ட் வேணும்ல"ன்னு அம்மா முன்னாடியே சொல்றாரு. அம்மா நெத்தியில காலைல வெச்ச நாமம் கூட அழியலைங்க அப்ப. ஒரு வார்த்தை பேசலை, எந்திரிச்சுப் போயி கை கழுவற எடத்துல வாயைக் கொப்பளிச்சுக் கொப்பளிச்சுத் துப்பிட்டு வெளிய வண்டிக்கிட்டப் போயி நின்னுட்டாங்க.

சைனீஸ்னா அப்படித்தான்ங்கறது சுத்தப் பொய்யிங்க. சீனாவுல புத்த மடங்கள்ல பல நூறு வருசமா சைவச் சமையல் இருக்குது, கறி மட்டுமில்ல பூண்டு வெங்காயம் கூட சேக்காம சமைக்கறாங்க, டோஃபு பொறந்ததே அந்த ஊருலதான். காஞ்ச காளான், சோயா மொளை போட்டுக் கொதிக்க வெச்சா அருமையான ஸ்டாக் கெடைக்கும்னு என்ற மச்சினன் பையன் சொல்றான், அவன் ஹோட்டல் கிச்சன்ல வேலை செய்யறவன். தனியா ஒரு பாத்திரம் அடுப்புல வெக்க இவங்களுக்குச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

அவன் இன்னொண்ணும் சொன்னான், இது நெறைய பேருக்குத் தெரியாது. சூப் டம்ப்ளிங்னு ஒண்ணு இருக்குது, ஷாங்காய் பக்கத்து ஷியாவ்லோங்பாவ், கடிச்சா உள்ள இருந்து சூப் வரும். அந்த சூப்பை ஊத்தி மூடறதில்லையாம், பன்னித் தோலையோ எலும்பையோ கொதிக்க வெச்சு ஆற விட்டா ஜெல்லியாட்டம் கட்டியாகும், அதை நறுக்கி உள்ள வெச்சுடுவாங்க, ஆவில வேகறப்ப உருகி சூப் ஆயிரும். வெஜ்ல செய்யோணும்னா அந்த எடத்துல கடல்பாசி போடோணும். அதனால வெஜ் சூப் டம்ப்ளிங்னு போட்டிருந்தா உள்ள என்ன ஜெல்லின்னு கேளுங்க. கீரை வதக்கல்லயும் ஆய்ஸ்டர் சாஸ் ஊத்துவாங்க, அது சிப்பில செஞ்சது. காளான்ல செஞ்ச வெஜ் சாஸும் கெடைக்குது, எது ஊத்தறாங்கனு கேட்டாத்தான் தெரியும்.

டம்ப்ளிங் கதையும் சொல்லிடறேன். கையால மடிச்சதுன்னு போர்டு, தட்டுல வந்தது அத்தனையும் ஒரே அச்சு, மடிப்பு கூட ஒண்ணுக்கொண்ணு மாறலை, பொண்ணு கடிச்சா நடுவுல சில்லுனு இருக்குது. ஃப்ரோசன் பாக்கெட் விக்கறது தப்பில்லைங்க, அதைக் கையால செஞ்சதுன்னு விக்கறதுதான் தப்பு. மெனுவுல 8 பீஸ், சிக்கன் பிளேட்டுல வந்தது 6.

இத்தனைக்கும் அப்புறம் பில்லு. சாப்பாடு 1210, அதுக்கு 10 பர்சன்ட் சர்வீஸ் சார்ஜ் 121, அந்த சர்வீஸ் சார்ஜையும் சேத்து அதுக்கு மேல 5 பர்சன்ட் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 1398 ரூவா. அந்த சூப்புக்கும் சேத்துத்தாங்க. சர்வீஸ் சார்ஜை தானா பில்லுல சேக்கக்கூடாதுன்னு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லியாச்சு, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதைச் சொன்னதும் 121 ரூவாயை எடுத்துட்டாங்க, அப்ப தெரிஞ்சேதானே போட்டிருக்காங்க. சூப்புக்காசை மட்டும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பில்லைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஜிஎஸ்டி வாங்கற கடை பில்லுல 15 எழுத்து நம்பர் இருக்கோணும், நம்ம தமிழ்நாட்டுக்கு 33ல ஆரம்பிக்கும், அது எங்கயுமே இல்லை. ஃபுட் லைசென்ஸ் 14 இலக்க நம்பர் பில்லுல அடிக்கோணும், அதுவும் இல்லை.

காசு குடுத்துட்டு பில்லை போட்டோ எடுத்து, 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், போன் பண்ணிப் புகார் பதிஞ்சாச்சு, மாவட்ட உணவு பாதுகாப்பு ஆபீசுக்கும் எழுதிக் குடுத்திருக்கேன். நீங்களும் வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போனா வெஜ்ஜான்னு மட்டும் கேக்காதீங்க, ஸ்டாக் எதுல வெச்சது, நூடுல்ஸ் வேக வெக்கற தண்ணி தனியா, சாஸ்ல என்ன இருக்குதுன்னு கேளுங்க, பதில் இழுத்தா எந்திரிச்சுடுங்க.

அம்மா அன்னைக்கு ராத்திரியே தலைக்குத் தண்ணி ஊத்திட்டு வெளக்குப் போட்டாங்க. உன்ற மேல என்ன தப்பு கண்ணு, நீ கேட்டுத்தானே வாங்கினேன்னாங்க. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் காரமடை கூட்டிட்டுப் போகச் சொல்லியிருக்காங்க, போறோம்.