விண்டோவை மூடினாலும் பில் கலையக் கூடாது: எலக்ட்ரானின் வெப்கன்டென்ட்ஸ்வியூ

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பலகாரக் கடையில் தீபாவளி நேரத்துக் கல்லாவை நினைத்துக்கொள்ளுங்கள். தேன்குழல் 2 கிலோ, மணகோலம் 1 கிலோ, சீப்புச் சீடை அரை கிலோ என்று அடித்தாயிற்று. சிங்கப்பூர் முகவரி பாதியில் நிற்கிறது. அடுத்தவர் விலை கேட்கிறார், கை தானாகப் போய் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அமுக்கிவிடுகிறது. திரும்பத் திறக்கும்போது அந்தப் பாதி முகவரி அப்படியே இருக்க வேண்டும். பக்கத்தில் பதித்திருக்கும் கூரியர் பக்கமும் முதலிலிருந்து லோடு ஆகக் கூடாது. வெப் நுட்பங்களால் டெஸ்க்டாப் ஆப் எழுத உதவும் எலக்ட்ரானில் கடைகளுக்கு ஆப் எழுதித் தருபவர்களுக்கு, விண்டோவுக்குள் ஒரு வெப் பக்கத்தைப் பதிக்கும் வெப்கன்டென்ட்ஸ்வியூ இந்த வேலையில் கைகொடுக்கிறதா?

கொடுக்கிறது, ஆனால் பொறுப்பை நம் தலையில் வைத்துவிட்டுத்தான்.

2024 ஏப்ரலில் வந்த எலக்ட்ரான் 30-இல் இது அறிமுகமானது. இதே வேலைக்கு இருந்த பழைய பிரவுசர்வியூ அதோடு கைவிடப்படும் பட்டியலுக்குப் போய்விட்டதால், புதிதாக எழுதுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம். எம்ஐடி உரிமம் என்பதால் காசு எதுவும் இல்லை.

இதன் முக்கியமான குணம் ஒன்று. பேஸ்விண்டோ (வியூக்களைத் தாங்கும் வெறும் விண்டோ) மூடப்பட்டாலும், உள்ளே பதித்த வியூவின் வெப்கன்டென்ட்ஸ் (அதில் ஓடும் பக்கம்) தானாக அழியாது. மெமரியைத் தின்னும் குறை என்று இதைத் திட்டுகிறவர்கள் உண்டு. மறுபடி பயன்படுத்த முடிவதே இந்தக் குணத்தால்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்கும் தேக்குக் கதவுகளைப் பாருங்கள். வீட்டை இடிக்கும் முன்பே நிலையோடு கழற்றியதால்தான் அவை முழுசாக இருக்கின்றன. வியூவையும் அப்படித்தான் கழற்ற வேண்டும்.

முதலில், வியூவை விண்டோ உருவாக்கும் ஃபங்ஷனுக்குள் வைக்காமல் வெளியே ஒரு மாறியில் ஒரே முறை உருவாக்குங்கள். விண்டோ மூடப்போகும்போது வரும் 'க்ளோஸ்' நிகழ்வில் ரிமூவ்சைல்ட்வியூ போட்டுக் கழற்றுங்கள். மூடிய பிறகு வரும் 'க்ளோஸ்டு' வரை காத்திருந்தால் விண்டோ அழிந்திருக்கும். அதைத் தொட்டதும் 'ஆப்ஜெக்ட் ஹாஸ் பீன் டெஸ்ட்ராய்டு' என்று பிழை விழும். "மூடலாமா?" என்று கேட்கும் டயலாக் இருந்தால், ஆம் என்ற பிறகே கழற்றுங்கள். இல்லையென்றால் மூடாத விண்டோவில் வெறும் திரைதான் மிஞ்சும். திறக்கும்போது புது விண்டோவில் ஆட்சைல்ட்வியூ போட்டு மாட்டி, உடனே அதன் அளவுக்கு செட்பவுண்ட்ஸ். பழைய கதவு நிலையைப் புதுச் சுவரில் வைத்தால் அளவு பார்க்காமல் முடியுமா? இங்கே பக்கத்தை முதலிலிருந்து ஏற்றும் லோடுயூஆர்எல் மட்டும் மறுபடி கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் பாதி முகவரி போய்விடும், செய்த வேலையெல்லாம் வீண்.

'விண்டோ-ஆல்-க்ளோஸ்டு' நிகழ்வுக்கு ஒரு லிசனர் (நிகழ்வு வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் கடைசி விண்டோ மூடியதும் ஆப்பே நின்றுவிடும், வியூவும் கூடவே போகும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் லிசனர்கள். விண்டோவில் மாட்டியவை விண்டோவோடு போய்விடும். ஆனால் வெப்கன்டென்ட்ஸிலும், பக்கங்கள் அனுப்பும் செய்திகளை வாங்கும் ஐபிசிமெயினிலும் மாட்டியவை தங்கிவிடும். பிரிண்ட் கட்டளைக்கான ஐபிசிமெயின்.ஆன் வரியை விண்டோ உருவாக்கும் ஃபங்ஷனுக்குள் எழுதியிருந்தால், ஒரு முறை மூடித் திறந்த பிறகு ஒரு பில்லுக்கு இரண்டு தாள் வரும், அடுத்த முறை மூன்று. பிரிண்டரைக் கழற்றிப் பார்த்துப் பயனில்லை. ஒரே நிகழ்வுக்குப் பத்துக்கு மேல் லிசனர் சேர்ந்ததும் கன்சோலில் எச்சரிக்கை வரும். கடையில் கன்சோலை யார் பார்க்கிறார்கள்? ஐபிசிமெயின்.ஹேண்டில் என்றால் இரண்டாம் பதிவிலேயே பிழை காட்டி நிறுத்திவிடும், அது எவ்வளவோ மேல். எதுவானாலும் வியூவை உருவாக்கும் இடத்தில் ஒரே தடவை மாட்டுங்கள்.

ஒரே விண்டோ, ஒன்றிரண்டு பக்கங்கள் மட்டும் உள்ள ஆப்புக்கு இத்தனையும் தேவையில்லை. 'க்ளோஸ்' நிகழ்வில் பிரிவென்ட்டிஃபால்ட் போட்டு மூடுவதைத் தடுத்து, ஹைடு செய்தால் போதும். ஆப் நிற்கும் முன் வரும் 'பிஃபோர்-க்விட்'டில் ஒரு கொடியை (ஆம்/இல்லை மாறியை) மாற்றி, அது மாறியிருந்தால் மூட விடுங்கள். இதை மறந்தால் ஆப்பை நிறுத்தவே முடியாது. விண்டோஸில் கம்ப்யூட்டரையே ஷட்டவுன் செய்தால் 'பிஃபோர்-க்விட்' வராது. அதனால் பாதி பில்லை அவ்வப்போது டிஸ்கில் எழுதிவையுங்கள். வியூ உயிரோடு இருக்கும் என்று மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

வேண்டாத வியூவுக்கு வெப்கன்டென்ட்ஸ்.க்ளோஸ் கூப்பிடுவது உங்கள் வேலை. கடைக்குக் கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவைத்துக்கொண்டு பத்து முறை மூடித் திறந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் பிராசஸ் ஒன்று கூடினால், எங்கோ புது வியூ உருவாகிறது, பழையது மூடப்படவில்லை. எண்ணிக்கை முதல் தடவை இருந்த இடத்திலேயே நின்றால் கொடுத்துவிடலாம்.