சிகிரியா சுற்றுலாவில் எங்களுக்கு நடந்தது: முற்பணம் கொடுக்க முதல் வாசியுங்கள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலா கூட்டிப் போக யோசிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். நாங்கள் காசைக் கொடுத்துவிட்டுத்தான் யோசித்தோம்.

தனியார் கல்வி நிலையம் ஒன்றில் சாதாரண தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். பாடசாலை என்றால் வலயக் கல்வி அலுவலக அனுமதி, வாகனப் பத்திரங்கள் என்று நாலு பேர் பார்ப்பார்கள். எங்களைக் கேட்க ஆளில்லை. 44 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். முகநூலில் நீல நிற ஏசி பஸ் படம் போட்டிருந்த ஒருவர் வவுனியாவில் இருந்து வந்து பேசினார். பஸ், சிகிரியா நுழைவு ரிக்கெட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,800 ரூபா. ஒரு இலட்சம் முற்பணம், மிச்சம் பஸ் ஏறும்போது.

அதில் 1,500 ரிக்கெட்டுக்கு மட்டும் என்றார். கூடவாக இருக்கிறதே என்று கேட்டேன். போனில் ஒரு பட்டியலைக் காட்டினார். எல்லாம் டொலரில் இருந்தது. "யுனெஸ்கோ இடம் சேர், உங்களுக்காகக் கதைச்சுக் குறைச்சிருக்கிறன்." சிகிரியாப் பாறைக் கோட்டை 1982இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது என்று வகுப்பில் நானே எழுதிப் போட்டவன். அதனால் அந்தப் பேச்சு எனக்கு நியாயமாகவே பட்டது. அவர் காட்டியது வெளிநாட்டுக்காரருக்கான கட்டணம் என்பது மண்டையில் ஏறவில்லை.

விடிய நாலு மணிக்கு பஸ் நிற்கும் என்றார்கள். பிள்ளைகள் மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். நாலரைக்கு அழைத்தால் "மாங்குளம் தாண்டிட்டம் சேர்". ஆறு மணிக்கு அழைத்தாலும் மாங்குளம்தான். ஏழு நாற்பதுக்கு வந்தது நீல பஸ் அல்ல, ஏசியும் அல்ல. சீற்றுக்கு அடியில் யாரோ விட்டுப் போன சாப்பாட்டுப் பெட்டி கிடந்தது. பிறகுதான் விளங்கியது: அது ஆடைத் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ். காலை வேலைக்காரரை இறக்கிவிட்டு எங்களிடம் வந்திருக்கிறது. சாரதியிடம் கேட்டேன். "அண்ணை, எனக்கு ஓட்டுக் கூலி மட்டும்தான். காசு வாங்கினவர் வேற ஆள்" என்றார். அப்போதே பிள்ளைகளை இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த முகங்களைப் பார்த்து அனுப்ப மனம் வரவில்லை. மிச்சக் காசையும் எண்ணிக் கொடுத்தேன்.

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போனோம். அன்று வயிற்றுக்கு ஒழுங்காகக் கிடைத்தது அந்தக் கச்சான் ஒன்றுதான். சோற்றுப் பார்சல்களை வவுனியாவில் ஏற்றினார்கள். ஹபரணைக்குக் கிட்ட மர நிழலில் பிரித்தால் பருப்பு நூல் விடுகிறது. முதல் நாள் இரவே கட்டியிருக்க வேண்டும். ஒருவரையும் வாயில் வைக்க விடவில்லை. ஆசிரியர்கள் மூவரும் சட்டைப்பையைத் துழாவி பணிசும் வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தோம்.

கெக்கிராவையில் திரும்பிக் கலாவெவக் குளத்தையும் காட்டுவதாகத் திட்டம். பொக்கிசம் எங்கே என்று சிகிரியாவைக் கட்டிய காசியப்பன் மிரட்டியபோது, அவனுடைய தகப்பன் தாதுசேன மன்னன் தான் கட்டிய அந்தக் குளத்துத் தண்ணீரைக் காட்டி இதுதான் என் சொத்து என்றானாம். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் கதையை விளக்கவே தேவையில்லை. நேரம் இல்லாததால் அது முதலில் போயிற்று.

சிகிரியாவில் இறங்கும்போது மணி இரண்டு. "நீங்கள் நில்லுங்கோ சேர், நான் ரிக்கெட் எடுத்துக்கொண்டு வாறன்" என்று பஸ்ஸில் வந்த பெடியன் ஓடினான். கழிப்பறை தேடிப் போன நான் தற்செயலாக அவன் பின்னால் போய் நின்றேன். உள்ளூர்க்காரருக்கு வேறு கவுண்டர். அவன் கொடுத்த தொகை, நாங்கள் ரிக்கெட்டுக்கென்று கட்டியதில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அவனிடம் சண்டை பிடித்து என்ன பயன், சம்பளத்துக்கு நிற்கிற பெடியன்.

பாறையடியில் உள்ள பழைய நீர்ப் பூங்காவில் பிள்ளைகள் களைப்பை மறந்தார்கள். 5ஆம் நூற்றாண்டில் மோட்டர் இல்லாமல், தண்ணீரின் உயர வித்தியாசத்தை மட்டும் வைத்து நீரூற்று எழுப்பியிருக்கிறார்கள். மழைக்காலத்தில் அவை இன்றும் எழும் என்றதும் ஒருத்தி குந்தியிருந்து கல்லில் உள்ள துளைகளை எண்ணத் தொடங்கிவிட்டாள். இதற்காகத்தான் வந்தோம். ஆனால் உச்சி வெயிலில், அரை வயிற்றோடு, சுமார் 200 மீற்றர் உயரப் பாறையில் 1,200 படி ஏறுவது சின்ன வேலையா? குளவிக்கூடு இருப்பதால் சத்தம் போடக் கூடாது என்று பலகை வேறு. அங்கே நிற்கும்போதுதான் சாரதியின் அழைப்பு: "நாலரைக்கு வெளிக்கிட வேணும், இரவு வேலை முடியிற ஆக்களை ஏத்த வேணும்." பாறையின் நடுவழியில் உள்ள சிங்கப் பாதத்தோடு பெரும்பாலானோர் திரும்பினார்கள். உச்சியில் அரண்மனை அத்திவாரத்தைப் பார்த்தது பதினொரு பேர்.

காசு வாங்கியவர் தந்த பற்றுச்சீட்டைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். கொப்பித் தாளில் தொகையும் கையெழுத்தும் மட்டும். பெயர் இல்லை, பஸ் இலக்கம் இல்லை. இனி யாரிடமாவது காசு கொடுப்பதென்றால் இதைச் செய்யுங்கள்: பஸ் இலக்கத்தை எழுத்தில் வாங்கி, வருமான அனுமதிப்பத்திரத்தில் உள்ள உரிமையாளரோடு நேரே பேசுங்கள். அந்த நாளில் பஸ்ஸுக்கு வேறு ஓட்டம் இருக்கிறதா என்று சாரதியையே கேளுங்கள். ரிக்கெட்டை நீங்களே வரிசையில் நின்று எடுங்கள், சாப்பாட்டை ஊரிலேயே விடியச் சமைத்துக் கொண்டு போங்கள். மிச்சக் காசை வீடு திரும்பிய பிறகு கொடுங்கள். சம்மதிக்காதவரை விட்டுவிடுங்கள்.

ரிக்கெட் காசையாவது திருப்பித் தரச் சொல்லிக் கேட்டோம். "பாப்பம் சேர்" என்று ஒரு செய்தி வந்தது, அதோடு போன் ஓஃப். மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், முதல் தவணைக்கு ஆள் வரவில்லை. நேற்று முகநூலில் அதே நீல பஸ் படத்தைக் கண்டேன். வேறு பெயரில், பொலன்னறுவைக்கு, எல்லாம் சேர்த்துத் தலைக்கு 3,500.