சைவமா, மச்சமா: யாழ்ப்பாணக் குசினியின் மூன்று வழிகள்

சைவ உணவையும் மச்ச உணவையும் எதிரெதிராக நிறுத்தி வாதிடுவோர் யாழ்ப்பாணத்தில் மிகுதியாக வழங்கும் மூன்றாவது வழியொன்றைக் கணக்கில் எடுப்பதில்லை. வருடம் முழுவதும் மச்சம் தொடாத குடும்பங்கள் இங்கே உண்டு. நாள், கிழமை பாராமல் மீனும் இறைச்சியும் உண்போரும் உண்டு. ஆனால் சைவ சமயத்தவருள் மிகப் பலர், வெள்ளிக்கிழமைகளிலும் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களிலும் கந்தசஷ்டி, கேதாரகௌரி விரத காலங்களிலும் மரக்கறியோடு நின்று, ஏனைய நாட்களில் மீன் குழம்பும் கணவாய்க் கறியும் சமைத்து வாழ்கிறார்கள். இதை நாட்பார்த்த சைவம் என்று அழைக்கலாம்.

முழுச் சைவத்தைக் கைக்கொள்வோர் முதலிற் கூறும் காரணம் கொல்லாமை. நல்லூரிற் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் உண்பதையும் கோயில்களில் ஆடு வெட்டும் வேள்வியையும் கடுமையாகக் கண்டித்தார். அவருடைய பிரசங்கங்களும் அவர் நிறுவிய பாடசாலையும் பரப்பிய ஒழுக்கமுறை இன்றும் பல வீடுகளில் ஆட்சி செய்கிறது. மறுபக்கத்தில், வேடரான கண்ணப்பர் படைத்த இறைச்சியைச் சிவபெருமான் ஏற்றுக்கொண்டாரே என்று கேட்போரும் இங்கேயே இருக்கிறார்கள். வைரவர் கோயில் வேள்வி அண்மைக்காலத்தில் நீதிமன்றம் வரை சென்ற விடயமாயிற்று. இருதரப்பு வாதங்களையும் கேட்ட பிறகு எனக்குத் தோன்றுவது, சமயக் காரணம் உண்மையானதே எனினும் அது தனித்து நிற்பதில்லை என்பதாகும். மரக்கறி உணவு சாதி மேன்மையின் அடையாளமாகவும் காட்டப்பட்டது. அதனால் கடலை நம்பி வாழும் சமூகங்களின் அன்றாடச் சாப்பாடு தாழ்வாகப் பார்க்கப்பட்டது. சைவத்தைத் தவிர்ப்போர் சிலரது மனத்தில், உயிர்க்கொலை பற்றிய கருத்தைவிட இந்தப் பழைய பார்வையின் மீதுள்ள வெறுப்பே வலுவாக இருக்கிறது. குருநகரிலும் பாசையூரிலும் வாழும் கத்தோலிக்கர் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை விலக்கி மீன் உண்பார்கள். அவர்களுக்கு விரதத்தோடு பொருந்துகின்ற அதே மீன், சில கட்டை தூரத்திலுள்ள சைவ வீட்டில் விரதத்தை முறித்துவிடும்.

உழைப்பு என்று வரும்போது மூன்று வழிகளுக்கும் இடையிலான வேறுபாடு மிகத் தெளிவாகப் புலப்படும், ஆயினும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் பேசாமல் விடுவது அதைத்தான். நாட்பார்த்த சைவ வீட்டில் மச்சச் சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு, அகப்பையும் வேறு. வியாழன் இரவே குசினியைக் கழுவி, மச்சச் சட்டிகளைப் புறம்பாக எடுத்து வைத்து, மறுநாட் காலை தலைமுழுகிய பின்னரே அடுப்பு மூட்டும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் உண்டு. சிலர் மீன் சமைப்பதற்கென்றே வெளியே ஒரு கொட்டில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் முழுச் சைவமான மாமியார் ஒருவரும் இருந்துவிட்டால், மருமகள் நாள்தோறும் இருவகைக் கறி சமைக்கவேண்டும். முழுச் சைவ வீட்டில் இந்தத் தொல்லை இல்லையென்றாலும் வேறு வேலை காத்திருக்கும்: வாழைப்பூ ஆய்தல், முருங்கையிலை உருவுதல், தேங்காய் துருவிப் பால் பிழிதல் என்று அது நீளும். மீன் குழம்பும் ஒரு சொதியும் வைத்தால் மதியச் சாப்பாடு ஒப்பேறிவிடும். மரக்கறிச் சாப்பாட்டுக்கோ கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, கீரை, ஒரு வறை, பொரித்த மோர்மிளகாய் என்று நாலைந்தாவது வேண்டும். விரதத்தின் புண்ணியம் குடும்பத்தவர் அனைவருக்கும் பங்கிடப்படும்போது அதன் வேலை மட்டும் பெரும்பாலும் பெண்களிடம் தங்கிவிடுகிறது.

சுவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பலாக்கொட்டையும் மரவள்ளியும் பயத்தங்காயும் போட்ட சைவக் கூழ் நல்ல உணவுதான். நண்டும் இறாலும் மீன்தலையும் கொதித்த ஒடியற் கூழுக்கு அது ஈடென்று சொல்ல மட்டும் என் நாக்கு இணங்காது.

எது மலிவு என்பதற்கும் நிலையான விடை கிடையாது. 2021இல் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது தோட்டக்காரர் பாதிக்கப்பட்டனர். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமற் படகுகள் கரையில் நின்றபோது மீன் அரிதாயிற்று. சூடை, நெத்தலி போன்ற சிறுமீனும் வளவு முருங்கையும் கொண்டு சமாளிக்கும் குடும்பத்தை, இரண்டில் ஒன்றை மட்டுமே நம்பும் குடும்பம் அளவுக்கு இவ்வாறான அடிகள் தாக்குவதில்லை. இந்த ஒரு கோணத்தில் நாட்பார்த்த சைவத்தாருக்கே வாய்ப்பு அதிகம்.

உடல்நலத்தைப் பொறுத்தவரை, மரக்கறி உணவு தானாகவே நன்மை தரும் என்ற நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. நாரும் கீரையும் பருப்பும் நிறைந்த சைவம் உடலுக்கு நல்லது. ஆனால் வெள்ளையரிசிச் சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் அப்பளமும், இரவுக்குக் கோதம்பமாப் புட்டும் சைவந்தான், அதை உண்ணும் நீரிழிவு நோயாளிக்கு அதனால் ஆறுதல் இல்லை. மீனை விலக்கும் நாளில் அதன் இடத்தைப் பயறு, கடலை, கௌப்பி, உளுந்து, சோயா ஆகியவற்றுள் ஒன்று நிரப்பவேண்டும். பல வீடுகளில் அதை இன்னும் கொஞ்சம் சோறே நிரப்புகிறது. தாவர உணவிலுள்ள இரும்பு மச்சத்திலுள்ள இரும்பைப் போல எளிதிற் சேராது. கீரைக்குத் தேசிப்புளி விடும் நம்மவர் வழக்கம் அதற்கு உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் வழக்கம் அதைக் கெடுக்கும். எந்நாளும் மச்சம் உண்போரிடம் இந்தக் குறைகள் குறைவு, கடல்மீனின் கொழுப்பு இதயத்துக்கு உகந்ததும் ஆகும். ஆயினும் ஆட்டிறைச்சியையும் பொரித்த மீனையும் உப்பில் ஊறிய கருவாட்டையும் அடிக்கடி சேர்ப்பவர் அந்த நன்மையைத் தாமே இழந்துவிடுகிறார்.

வெளியிற் சாப்பிடுவதில் முழுச் சைவருக்கு யாழ்ப்பாணம் வசதியான ஊர். சைவக்கடையைத் தேடி அலைய வேண்டியதில்லை. தெற்கே போனால் கவனம் வேண்டும், ஏனெனில் மரக்கறி என்று பரிமாறப்படும் கறியிலும் சம்பலிலும் மாசிக் கருவாடு கலந்திருக்கக் கூடும்.

பால், தயிர் சேர்க்கும் இளவயதினர் முழுச் சைவத்தைப் பெரும் இடரின்றிக் கடைப்பிடிக்கலாம். என் கவலையெல்லாம் முதியோரைப் பற்றியது. நம்மூரில் ஓய்வு பெற்ற பின்போ, துணையை இழந்த பின்போ, சிவதீட்சை பெற்றோ முழுச் சைவராகிறவர்கள் பலர். விற்றமின் பி12 விலங்குணவிலிருந்தே இயல்பாகக் கிடைப்பது. முட்டையையும் மச்சமாகக் கருதி விலக்கும் நம்மவருக்குப் பாலும் தயிருமே எஞ்சுகின்றன. வயது ஏறும்போது அந்தச் சத்தைக் குடல் உறிஞ்சும் ஆற்றல் குறையும். நீரிழிவுக்காக நீண்டகாலம் மெற்போமின் எடுப்போரிடம் அது மேலும் குறையலாம். உடலிலுள்ள சேமிப்புச் சில வருடங்களுக்குத் தாக்குப்பிடிப்பதால் குறைபாடு உடனே தெரியாது. பின்னர் கால் விறைப்பும் களைப்பும் மறதியும் வரும்போது எல்லோரும் அதை முதுமை என்றே எடுத்துக்கொள்வார்கள். தீட்சை பெற்ற ஒருவரை மீன் தின்னச் சொல்ல வேண்டிய தேவை இதில் எதுவுமில்லை. கிளினிக்குக்குப் போகும்போது தாம் சைவம் என்பதை வைத்தியரிடம் சொல்லி, பி12 அளவைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டால் விரதமும் காப்பாற்றப்படும், நரம்பும் காப்பாற்றப்படும்.