மூடிய தொட்டி மூன்று வருடம், திறந்த தொட்டி நான்கு வருடம்

சென்னையில் எங்கள் வீட்டு ஹாலில் ஏழு வருடமாக ஒரே மீன்தொட்டி இருக்கிறது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப்படி 190 லிட்டர். மணல், கல், மேலே விட்ட இடைவெளி போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். முதல் மூன்று வருடம் மூடி போட்டு வைத்திருந்தேன், அதன் பிறகு மூடியை எடுத்துவிட்டேன். புதிதாகத் தொட்டி வாங்குகிறவர்கள் ஃபில்டரைப் பற்றியும் லைட்டைப் பற்றியும் நிறையக் கேட்கிறார்கள். மேலே மூடுவதா வேண்டாமா என்பதை மட்டும் கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதோடு விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் அப்படி விடக்கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொட்டியைக் கொளத்தூரில் வாங்கினேன். கூடவே கறுப்பு பிளாஸ்டிக் டாப் ஒன்று வந்தது. உள்ளே லைட், முன்பக்கம் உணவு போட ஒரு சின்னக் கதவு. ஆரம்பத்தில் அதில் எனக்குக் குறையே தெரியவில்லை. தண்ணீர் மட்டம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். தூசி விழாது, பல்லி விழாது. மகளுக்கு அப்போது மூன்று வயது, கையில் இருக்கும் பிஸ்கட்டும் விழாது. மோலி, ஸீப்ரா, இரண்டு முத்து கௌராமி என்று நிம்மதியாகப் போனது.

அப்புறம் மே மாதம் வந்தது. மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 33 டிகிரி. மோலிகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து உணவு போட்டேன், சீண்டவில்லை. சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவாகத்தான் கரையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் கரையும் என்றால் 30 டிகிரியில் 7.5தான். அதே நேரத்தில் சூட்டினால் மீனுக்குத் தேவை கூடுகிறது. மேலே மூடி வேறு இருப்பதால் லைட்டின் சூடும் ஈரக்காற்றும் வெளியே போக வழியில்லை. அந்த வாரமே ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் மின்தடை. ஏர் பம்ப் நின்றுவிட்டது. காலையில் நான்கு மோலிகள் செத்துக் கிடந்தன. கௌராமி இரண்டும் பிழைத்துக்கொண்டன, ஏனென்றால் அவை மேலே வந்து காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடுகிற ஜாதி.

மூடியின் அடிப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தெறிக்கிற நீர் காய்ந்து காய்ந்து, லைட்டை மறைத்திருந்த கண்ணாடித் தடுப்பில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்துவிடும். எலுமிச்சைச் சாறு தேய்த்துத்தான் எடுப்பேன். மூன்றாம் வருடம் லைட்டின் முனைகள் துருப்பிடித்து, உணவு போடும்போது விரலில் சுருக்கென்று ஷாக் அடித்தது. அன்றைக்கே மூடியைக் கழற்றிவிட்டேன். மூடிய தொட்டி வைத்திருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பிளக்கைப் பிடுங்கிவிட்டு லைட்டின் இணைப்புகளைப் பாருங்கள்.

திறந்த தொட்டிக்கு எல்.இ.டி. லைட்டை மேலே தனியாகத் தொங்கவிட்டேன், விளிம்பில் ஒரு சின்ன ஃபேன் மாட்டினேன். அடுத்த மே மாதம் அறை 34 டிகிரி இருந்த மதியத்தில் தண்ணீர் 30ஐத் தாண்டவில்லை. பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் வேண்டும், அதைத் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அறையின் சூடு மறுபடி உள்ளே ஏறிக்கொண்டே இருப்பதால் மூன்று நான்கு டிகிரிதான் கையில் மிஞ்சும். மீனுக்கு அந்த மூன்று டிகிரி உயிர். ஒன்று, கடற்கரை ஊர்களில் காற்று புழுங்கிக் கிடக்கிற நாட்களில் இந்த லாபம் குறையும். கோயம்புத்தூர் மாதிரி உலர்ந்த காற்று உள்ள இடத்தில் இன்னும் நன்றாகவே வேலை செய்யும்.

ஆவியாகும் தண்ணீரை ஈடுகட்டுவதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். தினமும் ஒன்றரை லிட்டர் குறைந்தது. தினமும் புதுத் தண்ணீர் ஊற்றுகிறோமே, தனியாக மாற்ற வேண்டியதில்லை என்று எண்ணி போர் தண்ணீரையே ஊற்றினேன். எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 1,000. லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. நீர் மட்டும்தான் ஆவியாகப் போகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். மாதத்துக்கு 45 லிட்டர் ஊற்றினால் 45 கிராம் உப்பு. அதை 150 லிட்டருக்குப் பிரித்தால் 300 கூடுகிறது. அப்படியேதான் நடந்தது. 400 இருந்த டிடிஎஸ் ஒரே மாதத்தில் 700 ஆனது, செடிகளின் இலை கருகியது. இப்போது குறைகிற அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைநீர் மட்டும் ஊற்றுகிறேன். கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு, அதுவரைக்கும்தான். வாரத்துக்கு ஒருமுறை 30 லிட்டர் மாற்றுவது தனிக்கணக்கு.

சரி, மீன் குதிப்பது பற்றி. மிஸ் கேரளா என்கிற மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளில் வாழ்வது. குளிர்ந்த, ஓடுகிற தண்ணீருக்குப் பழகியது. திறந்த தொட்டியில் சூடு குறைந்துவிட்டதே என்ற தைரியத்தில் ஒரு ஜோடி வாங்கினேன். நான்காம் நாள் விடியற்காலையில் அம்மா கோலம் போட எழுந்து ஹாலைக் கடக்கும்போது, "டேய், இங்க வந்து பாருடா" என்று கூப்பிட்டார். டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒன்று காய்ந்து கிடந்தது. அந்தச் சிவப்புக் கோடுகூட மங்கிப்போயிருந்தது. அதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. அது குதிக்கிற மீன் என்று நான் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். நான் கவனித்தவரை மீன்கள் குதிப்பது மூன்று சமயங்களில்: புதிதாக விட்ட முதல் வாரம், தண்ணீர் மாற்றிய ராத்திரி, லைட்டைச் சட்டென்று அணைத்தவுடன். நீர்மட்டத்தை விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வைத்தால் மோலி, டெட்ரா போன்றவை தப்பிக்கும். மிஸ் கேரளா, அரோவானா, விரால் இனங்களுக்கு அது போதாது.

நாட்டு மீன் வளர்க்கும் நண்பர்கள் பனையேறிக் கெண்டையை விரும்பி வைக்கிறார்கள். 1790களில் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், இந்த மீன் பனைமரத்தில் ஏறியதைப் பார்த்ததாக எழுதினார். மரம் ஏறுவது இருக்கட்டும், ஈரத்தரையில் நடந்து போவது உண்மை. திறந்த தொட்டியில் அதை நினைத்தே பார்க்கக்கூடாது.

இன்னொன்று, நம் வீடுகளுக்கே உரியது. கொசுவத்தி, கொசு விரட்டும் லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே இவற்றில் இருக்கிற பைரித்ராய்டு வகை மருந்து மீனுக்குக் கடும் விஷம். மூடி இருந்தால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஏர் பம்ப் அறைக்காற்றைத்தானே உள்ளே ஊதுகிறது? மூடினாலும் திறந்தாலும் தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணியைக்கூட நாங்கள் இந்தப் பக்கம் கொண்டுவருவதில்லை. சமையல் தாளிப்பின் எண்ணெய்ப்படலம் மட்டும் திறந்த தொட்டியில் கூடுதலாகப் படிகிறது. ஃபில்டரின் நீர் மேற்பரப்பைக் கலக்கும்படி திருப்பிவைத்தால் அந்தப் படலம் உடைந்துவிடும். அப்படிக் கலங்குகிற நீரில் கொசுவும் முட்டை வைக்காது.

இப்போது என்னிடம் இருப்பது வலை மூடி. ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தருபவரிடம் அளவு கொடுத்து, அலுமினியச் சட்டத்தில் நைலான் வலை மாட்டி வாங்கினேன். காற்று போகும், ஆவி போகும், ஃபேன் வேலை செய்யும், மீன் போகாது. வெளிச்சம் கொஞ்சம் குறைகிறது. பின்மூலையில் ஓர் ஓட்டை வெட்டி மணிபிளான்ட் வேரை உள்ளே விட்டிருக்கிறேன். கழிவில் சேரும் நைட்ரேட்டை அது நன்றாக இழுத்துக்கொள்கிறது. மார்கழியில் மட்டும் ஃபேனை நிறுத்திவிட்டு, வலையின் மேல் பாதிக்குக் கண்ணாடி வைக்கிறேன். ஒரு வருடம் அதைச் செய்யாமல் விட்டதில் ராத்திரி 22 டிகிரிக்கு இறங்கி, டெட்ராக்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தது.

ஃபைட்டரும் கௌராமியும் மட்டுமே வைக்கப்போகிறீர்கள் என்றால் மூடியே நல்லது. அவை விழுங்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்க வேண்டும், ஆண் மீன் கட்டுகிற நுரைக்கூடும் கலையாமல் நிற்கும். அப்போதும் பிளாஸ்டிக் டாப் வேண்டாம். இரண்டு துண்டாக வெட்டிய கண்ணாடி வாங்கி, பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். லைட் கண்ணாடிக்கு மேலே இருக்கட்டும்.