கேட்டா, ஜிமேட்டா? முதலில் பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுங்கள்

எம்பிஏ படிக்க, கேட் (CAT) என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) போவதா, பல நாட்டு வணிகப் பள்ளிகள் ஏற்கும் ஜிமேட் (GMAT) எழுதி ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) மாதிரி ஓராண்டுப் படிப்புக்குப் போவதா என்ற கேள்வி, ஐ.டி. வேலையில் மூன்று நான்கு வருடம் ஓட்டிய பலருக்கும் ஒரு கட்டத்தில் வரும். எனக்கும் வந்தது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு ஜிமேட் வழியாக ஹைதராபாத் ஐஎஸ்பிக்குப் போனேன். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எந்தப் படிப்பு உசத்தி, எங்கே சம்பளம் அதிகம் என்பதையெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். உங்களுக்கு எங்கே இடம் கிடைக்கும் என்பதைப் பணமும் லீவும் செலவழிப்பதற்கு முன்பே எப்படிக் கணிப்பது என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். கேட் வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் கடைசியில். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, தவறான விடைக்கு மார்க் குறையும். அந்த ஸ்கோர் அந்த வருட அட்மிஷனோடு சரி. ஜிமேட்டை நமக்கு வசதியான நாளில் எழுதலாம். இரண்டேகால் மணி நேரம், 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுத அனுமதி, ஸ்கோர் ஐந்து வருடம் செல்லும். ஒரு எச்சரிக்கை மட்டும்: 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமேட்டின் புதிய வடிவம்தான் நடப்பில் இருக்கிறது. 205இல் தொடங்கி 805 வரை போகும் புதிய அளவில் எல்லா ஸ்கோரும் 5இல் முடியும். பழைய 700க்கு இன்றைய 645 ஏறக்குறைய சமம். "740 இல்லாமல் விண்ணப்பிக்காதே" என்று சீனியர் அண்ணன் சொன்னால், அவர் எந்த வருடம் எழுதினார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கேட் பக்கம் வருவோம். 99 பர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் 99 விழுக்காட்டினரைவிட மேலே, வந்தால் பெரிய ஐஐஎம் உறுதி என்று வீட்டில் நினைப்பார்கள். சுமார் மூன்று லட்சம் பேர் எழுதும் தேர்வில் 99 என்றால், உங்களுக்கு மேலேயே கிட்டத்தட்ட 3,000 பேர் நிற்கிறார்கள். அகமதாபாத், பெங்களூர், கல்கத்தா மூன்றிலும் முதன்மையான இரண்டாண்டுப் படிப்புக்கு உள்ள இடங்கள் மொத்தமாக 1,400 அளவில்தான். அதில் எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓ.பி.சி. 27, பொருளாதாரத்தில் நலிந்த பொதுப் பிரிவினருக்கு 10 விழுக்காடு என இட ஒதுக்கீடு போக, பொதுவில் மிஞ்சுவது அறுநூறுக்கும் கீழே. அப்புறம், அறிவிப்பில் "குறைந்தபட்சத் தகுதி" என்று ஒரு பர்சென்டைல் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் உங்கள் பெயரைப் பரிசீலிப்பார்கள், அவ்வளவுதான். இன்டர்வியூ கால் (அழைப்பு) உண்மையில் நிற்கும் இடம் அதைவிடப் பல படி மேலே.

இதில் என் முடிவைத் தீர்மானித்தது பர்சென்டைல் அல்ல, பழைய மார்க். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கோச்சிங் சென்டரில் சேரும்போது இதை யாரும் சொல்வதில்லை.

ஐஐஎம் அகமதாபாத் அண்மை ஆண்டுகளில் வெளியிட்டுவரும் முறையை எடுத்துக்கொள்வோம். இன்டர்வியூவுக்கு அழைக்கப் போடும் கூட்டு மதிப்பெண்ணில் கேட்டுக்கு 65 விழுக்காடு, விண்ணப்ப மதிப்பீட்டுக்கு 35. அந்த 35இல்தான் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி, வேலை அனுபவம், பாலினம் எல்லாம் வருகின்றன. பத்தாம் வகுப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றால் 10 புள்ளி. 80க்கு மேல் 90 வரை 8. 70க்கு மேல் 80 வரை வெறும் 5. பிளஸ் டூ அறிவியல் பிரிவுக்கும் இதே படிக்கட்டு.

என் மார்க்கையே போடுகிறேன். பத்தாம் வகுப்பில் 500க்கு 458, ஆகவே முழு 10. பிளஸ் டூ, 1200 மார்க் காலம்: 940. அதாவது 78.3 விழுக்காடு, 5 புள்ளி. இன்னும் 21 மார்க் இருந்திருந்தால் 80ஐத் தாண்டி 8 புள்ளி. அந்த 3 புள்ளியைக் கேட்டில் ஈடுகட்ட, என் தோராயக் கணக்கில், மற்றவர்களைவிட மூன்று கேள்வி கூடுதலாகச் சரியாகப் போட வேண்டும். நூறு நாள் படித்தும் மாக் டெஸ்டில் (மாதிரித் தேர்வில்) மூன்று கேள்வி ஏற்றுவது எத்தனை பாடு என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. நம் ஊர் பொறியியல் கவுன்சலிங்கில் கட் ஆஃப் என்பது கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றை வைத்து 200க்குப் போடுவது. தமிழும் ஆங்கிலமும் அதில் வருவதே இல்லை. அதனால் பிளஸ் டூவில் மொழிப்பாடத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை; பள்ளிகளே கடைசி இரண்டு மாதம் தமிழ் வகுப்பை இயற்பியலுக்குத் தூக்கிக் கொடுத்துவிடும். 195 கட் ஆஃபோடு நல்ல கல்லூரியில் சேர்ந்த என் காலத்துப் பையன், தமிழில் 200க்கு 150, ஆங்கிலத்தில் 145 என்று வைத்திருப்பான். ஐஐஎம் பார்ப்பது எல்லாப் பாடமும் சேர்ந்த மொத்தத்தை. என் மார்க் ஷீட்டிலும் அந்த 21 மார்க் மொழிப்பாடங்களில்தான் கிடக்கிறது.

பழைய மார்க்கின் கதை இன்டர்வியூ அழைப்போடு முடிந்துவிடுவதும் இல்லை. அகமதாபாத் கடைசியாக ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நேர்காணலுக்கு 50, எழுத்துத் தேர்வுக்கு 10, கேட்டுக்கு 25 போக, 15 விழுக்காடு மறுபடியும் அதே விண்ணப்ப மதிப்பீட்டுக்கு. பதினேழு வயதில் வாங்கிய மார்க் இரண்டு வாசலிலும் உட்கார்ந்திருக்கிறது. வேலை அனுபவம் கை கொடுக்கும் என்று நினைத்தால், அதற்கு அதிகபட்சம் 5 புள்ளி, அதுவும் மூன்று வருடத்தோடு நின்றுவிடுகிறது. ஐந்து வருடம் உழைத்தவருக்கும் மூன்று வருடம் உழைத்தவருக்கும் ஒரே புள்ளி. ஐஐஎம் பெங்களூர் வேறு விதம்: பள்ளி மார்க்கை அந்தந்த போர்டில் இருந்து விண்ணப்பித்தவர்களின் 90ஆவது பர்சென்டைல் மார்க்கால் வகுத்துச் சரிசெய்யும். மார்க் தாராளமாக வரும் போர்டில் படித்தவர் 95 வைத்திருந்தாலும் அங்கே அது அத்தனை பளபளக்காது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மூன்று லட்சம் பேரை வடிகட்ட ஏதோ ஒரு சூத்திரம் வேண்டும். அதை வெளிப்படையாக அறிவிக்கிறார்கள் என்பதே பெரிய வசதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, எக்செல்லைத் திறந்து, நாலைந்து ஐஐஎம்களின் அட்மிஷன் கொள்கைப் பக்கத்தில் இருந்து எடைகளை எடுத்துப் போட்டால், எங்கே கேட்டில் எத்தனை பர்சென்டைல் தேவை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். எடைகள் வருடா வருடம் மாறுவதுண்டு. போன வருட அட்டவணையை அப்படியே நம்ப வேண்டாம். நான் போட்டபோது, முன்னணி ஐஐஎம்களுக்கு எனக்கு 99.6, 99.7 பர்சென்டைல் தேவை என்று காட்டியது. மாக் டெஸ்டில் நான் 97க்கும் 98க்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தேன். முடிவில் இன்டர்வியூ கால் வந்தது, ஐஐஎம்கள் பல சேர்ந்து நடத்தும் பொது இன்டர்வியூவுக்கு மட்டும்.

ஜிமேட் பக்கம் இப்படிச் சூத்திரம் கிடையாது. ஐஎஸ்பியில் ஸ்கோர், கட்டுரைகள், பரிந்துரைக் கடிதம், வேலை, இன்டர்வியூ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பிளஸ் டூ மார்க்கைக் கேட்க மாட்டார்கள் என்று இல்லை, விண்ணப்பத்தில் உண்டு. ஆனால் 78 என்பது உங்களைத் தானாகக் கீழே தள்ளும் ஓர் எண்ணாக அங்கே இல்லை. 7.3 சிஜிபிஏவும் அப்படித்தான். டிகிரிக்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்கு அங்கே இடம் இருக்கிறது, அது நம் கையில் இருக்கும் பகுதி. இதற்காகத்தான் நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன்.

அந்தப் பகுதியை நிரப்புவது சும்மா இல்லை. பரிந்துரைக் கடிதத்தையே பாருங்கள். மேனேஜரிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் சொல்வது: "நீயே எழுதி அனுப்புப்பா, நான் போட்டு விடறேன்." எனக்கும் அதே பதில்தான். "வேண்டாம் சார், அரை மணி நேரம் கொடுங்க போதும்" என்று கான்டீனில் உட்கார வைத்து, நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த மூன்று சம்பவங்களை மட்டும் நினைவுபடுத்தினேன். ஒரு வங்கி ப்ராஜெக்டில் இரவில் தானாக ஓடும் கணினி வேலை (பேட்ச் ஜாப்) வாரத்துக்கு இரண்டு முறை விழுந்துகொண்டிருந்ததும், அதை யாரும் சொல்லாமலே நான் தோண்டி எடுத்து நிறுத்தியதும் அதில் ஒன்று. அவரே எழுதினார், அவருடைய ஆங்கிலத்தில், அவருடைய சலிப்போடு. என் கட்டுரை நடையும் கடிதத்தின் நடையும் ஒன்றாக இல்லாமல் போனதே பாதி பலம். "எட்டுப் பேர் டீமுக்கு லீட்" என்று எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். இரவு இரண்டு மணி ஜாப் ஏன் விழுந்தது என்று சொல்லத் தெரிந்தவர் குறைவு.

இந்தப் பக்கத்தின் சிக்கல், வாய்ப்பைக் கணக்குப் போட முடியாது என்பது. நான் செய்தது: லிங்க்ட்இன்னில் கடைசி இரண்டு பேட்ச் மாணவர்களில் என் மாதிரிக் கல்லூரி, என் மாதிரிக் கம்பெனி, நாலு வருட அனுபவம் உள்ளவர்களைத் தேடினேன். கணிசமாகவே இருந்தார்கள், தெம்பு வந்தது. பிறகுதான் உறைத்தது: அங்கே தெரிவது உள்ளே போனவர்கள் மட்டும். அதே ப்ரொஃபைலில் விண்ணப்பித்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. பொறியியல் படித்த, ஐ.டி.யில் இருக்கும் இந்திய ஆண் என்பது வரிசையிலேயே நெரிசல் மிகுந்த இடம். ஆகவே இந்தத் தேடலை "என் மாதிரி ஆளை எடுப்பார்களா" என்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். எத்தனை விழுக்காடு என்பதற்கு அல்ல. முடிந்தால் அவர்களில் நாலைந்து பேருக்கு மெசேஜ் அனுப்பி, "உங்களோடு சேர்ந்து விண்ணப்பித்த உங்கள் டீம் ஆட்களுக்கு என்ன ஆனது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் பயன்படும்.

எந்த ஐஐஎம்மில் இருந்து இன்டர்வியூ அழைப்பு வரும் என்று கணித்துச் சொல்லும் இலவச "கால் ப்ரெடிக்டர்" பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிப்படையான சூத்திரம் உள்ள ஐஐஎம்களுக்கு அவை ஓரளவு சரியாகச் சொல்கின்றன, ஏனென்றால் நீங்கள் எக்செல்லில் போடும் கணக்கைத்தான் அவையும் போடுகின்றன. விலை உங்கள் போன் நம்பர். அப்புறம் மூன்று மாதத்துக்கு யாராவது ஒருவர் "சார், எம்பிஏ ப்ளான் என்னாச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். ஜிமேட் பக்கத்து "இலவச ப்ரொஃபைல் மதிப்பீடு" இன்னும் மோசம். நான் கேட்ட எல்லோருமே "நல்ல வாய்ப்பு இருக்கு, கட்டுரையைக் கொஞ்சம் மெருகேத்தணும்" என்றார்கள். கட்டுரையை மெருகேற்றுவதுதான் அவர்கள் விற்கும் சரக்கு.

எனக்கு நேரடி அனுபவம் குறைவான இடம் ஒன்று உண்டு, இட ஒதுக்கீடு. ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் வரக்கூடியவருக்கு நான் மேலே போட்ட கேட் கணக்கு முழுக்க மாறிவிடும். ஐஎஸ்பி தனியார் நிறுவனம், அங்கே ஒதுக்கீடு கிடையாது. ஆகவே அவர்களுக்கு என் சாய்வு பொருந்தாமலே போகலாம். அறைத்தோழன் ஒருவன் பட்டதை வைத்து இதை மட்டும் சொல்கிறேன்: பி.சி., எம்.பி.சி. என்று நம்மிடம் இருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலிலும் இருக்க வேண்டும்; மாநிலப் பட்டியலில் உள்ளதெல்லாம் அதில் இல்லை. கிரீமி லேயரில் (ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில்) வரக்கூடாது. மத்திய அரசுப் படிவத்தில், அறிவிப்பு கேட்கும் நிதியாண்டுக்கு உரிய ஓ.பி.சி. சான்றிதழ் தாசில்தாரிடம் இருந்து வாங்க வேண்டும். இ-சேவையில் போட்டுவிட்டு வி.ஏ.ஓ. விசாரணைக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

அமெரிக்கப் பள்ளிகளைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு மாதிரி இடங்களில் நூறு பேருக்குப் பத்துப் பேர் கூட உள்ளே போவதில்லை என்பது ஊரறிந்தது. எனக்கு அந்தச் செலவும் விசா நிலவரமும் ஒத்துவரவில்லை, விண்ணப்பிக்கவே இல்லை.

அப்படியானால் கேட் யாருக்கு? பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 90ஐ ஒட்டி வைத்திருப்பவர், அனுபவம் இரண்டு வருடத்துக்குள் இருப்பவர், இவர்கள் ஜிமேட் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். பெண்களுக்கும் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் பல ஐஐஎம்கள் தனிப் புள்ளி தருகின்றன, பி.காம். படித்து ஆடிட் அலுவலகத்தில் இருக்கும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு கேட் என்பேன். ஐஐடி மெட்ராஸ், டெல்லி பல்கலைக்கழகத்தின் மேலாண்மைத் துறையான எஃப்எம்எஸ் மாதிரி இடங்களும் கேட்டைத்தான் பார்க்கின்றன. எஃப்எம்எஸ்ஸின் கட்டணம் பெரிய ஐஐஎம் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

பிளஸ் டூ எழுபதுகளில், சிஜிபிஏ ஏழில், ஒன்றிரண்டு அரியர் வரலாறு, ஆனால் வேலையில் மூன்று வருடத்துக்கு மேல் உருப்படியாகச் செய்தது இருக்கிறது என்றால் ஜிமேட். இரண்டையும் எழுதுவதாக இருந்தால் ஜிமேட்டை முதலில், ஏப்ரல் மே வாக்கில் முடியுங்கள். ஐந்து வருடம் செல்லும் ஸ்கோர் கையில் இருக்கும். ஐஎஸ்பியின் முதல் சுற்று செப்டம்பர் வாக்கில் முடியும்போது கட்டுரை எழுத அவகாசம் கிடைக்கும். கேட் பதிவு ஆகஸ்டில் தொடங்கும்போது கட்டணம் கட்டலாமா வேண்டாமா என்பதை உங்கள் எக்செல் சொல்லிவிடும்.