டெக்சாஸ் அப்பார்ட்மென்டில் எட்டு வருடம்: ரென்டர்ஸ் இன்சூரன்ஸ் எனக்கு என்ன செய்தது, எங்கே கைவிட்டது

2017-ல் டல்லாஸ் பக்கம் அர்விங்கில் குடியேறினோம். ரென்டர்ஸ் இன்சூரன்ஸ், அதாவது வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் காப்பீடு, காட்டினால்தான் சாவி என்றார்கள் வீட்டை வாடகைக்கு விடும் லீசிங் ஆபீஸில். இருந்ததிலேயே மலிவானதாக மாதம் 12 டாலருக்கு ஒன்று எடுத்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. கட்டடத்துக்கு அவர்களே இன்சூரன்ஸ் வைத்திருக்கும்போது நாம் எதற்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குறை வேறு.

அவர்களுடையது சுவருக்கும் கூரைக்கும் மட்டும்தான். நம் வீட்டுக் கரண்டிகூட அதில் சேராது. 2021 பிப்ரவரியில்தான் இது எனக்கு உறைத்தது.

அந்தப் பனிப்புயலை டெக்சாஸில் இருந்த யாரும் மறக்க மாட்டார்கள். 16-ம் தேதி டல்லாஸ் விமான நிலையத்தில் குளிர் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கரன்ட் இல்லை. ஹீட்டர் நின்றதும் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. மேல் வீட்டுக் குழாய் உடைந்து, எங்கள் படுக்கையறை சீலிங் பொத்துக்கொண்டு துணி அலமாரி மேலேயே கொட்டியது. மெத்தை போனது, லேப்டாப் போனது. என் முகூர்த்தப் பட்டோடு சேர்த்து ஏழு காஞ்சிபுரம் புடவைகளில் சாயம் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அன்று நான் அழுதது லேப்டாப்புக்காக அல்ல.

நான்கு வயது மகளோடு முதல் இரண்டு நாள் நண்பர் வீட்டில் இருந்தோம். பிறகு ஒன்பது நாள் ஹோட்டல். வீடு குடியிருக்க முடியாமல் போனால் தங்கும் செலவும் பாலிசியில் வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பணம் தாமதமில்லாமல் வந்தது. அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

சாமான் விஷயத்தில்தான் அடி. ஒரு புடவை 300 டாலர் என்றால் இழப்பை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டருக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாண ஆல்பத்தின் படங்கள், அம்மா பீரோவில் தேடி எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய ஜவுளிக்கடை பில்கள் எல்லாம் கொடுத்த பிறகு ஏற்றுக்கொண்டார். ஆனால் நான் எடுத்திருந்த பாலிசி தேய்மானம் கழித்துத்தான் தரும். நான் கேட்டது 6,400 டாலர். வயதைக் கணக்கிட்டு 3,300 ஆக்கி, நாமே ஏற்க வேண்டிய பங்கான டிடக்டிபிள் 500-ஐயும் கழித்து 2,800 தந்தார்கள்.

அந்த மாதமே, புதிதாக வாங்கும் விலையைத் தரும் ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட் பாலிசிக்கு மாறினேன். இப்போது மாதம் 19 டாலர். இதிலும் முதலில் தேய்மானம் போகத்தான் தருவார்கள். புதிதாக வாங்கி பில் அனுப்பினால் மீதியும் வரும். புதிதாக எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மலிவு என்று பழைய வகைக்குப் போகாதீர்கள், ஏழு டாலர் வித்தியாசத்தில் நான் இழந்தது ஆயிரக்கணக்கில்.

இன்னொன்று, நகை. வழக்கமான பாலிசிகளில் திருட்டுப் போன நகைக்கு மொத்தமே 1,500 டாலர் போலத்தான் உச்சவரம்பு. நம் வீடுகளில் ஒரு செயின் அதைத் தாண்டிவிடும். தாலிக்கொடியையும் இரண்டு வளையல்களையும் மதிப்பீட்டுச் சான்றோடு பாலிசியில் தனியாகப் பதிவு செய்திருக்கிறேன். மற்றவை பேங்க் லாக்கரில்.

குழாய் வெடித்த தண்ணீருக்குப் பணம் உண்டு, வெளியிலிருந்து புகும் வெள்ளத்துக்குக் கிடையாது. ஹூஸ்டன் பக்கம் தரைத்தளத்தில் இருப்பவர்கள் அரசின் வெள்ளக் காப்பீட்டைத் தனியாக எடுக்க வேண்டும். வாடகைதாரரும் சாமான்களுக்கு 1 லட்சம் டாலர் வரை எடுக்கலாம், ஆனால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் செய்தி கேட்ட பிறகு ஓடிப் பயனில்லை.

ரூம் பகிர்ந்து இருக்கும் பிள்ளைகள் கவனிக்க: நண்பன் பெயரில் பாலிசி இருந்தால் உங்கள் பொருளுக்கு அது உதவாது, உங்கள் பெயரையும் சேர்த்திருந்தால் ஒழிய. எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து பக்கத்து வீடு பாழானால் வரும் பொறுப்புக்கும் இதே பாலிசிதான் துணை. என்னுடையதில் அதற்கு 1 லட்சம் டாலர்.

2022-லிருந்து ஒவ்வொரு போகிக்கும் அலமாரிகளைத் திறந்து வீடியோ எடுத்து ஈமெயிலில் போட்டு வைக்கிறேன். இந்த வருடம் நான் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்து விலை சொல்ல, மகள் படம் பிடித்தாள்.