அம்பாசடர் பீடிங்: சாதா ரப்பரா, இபிடிஎம்மா, சிலிக்கானா?

மழையில கார் கார்ப்பெட் நனைஞ்சாலே எல்லாரும் டோர் பீடிங்க, அதாவது டோர் ஓரத்து ரப்பர் பட்டையத்தான் திட்டுவோம், நானும் அப்படித்தான் நாலு டோருக்கும் மாத்திட்டு அடுத்த மழையில மறுபடியும் கால் நனைச்சேன். தண்ணி வந்தது முன் கண்ணாடி ரப்பர் மூலையில, டேஷ்போர்டுக்குப் பின்னாடியே வழிஞ்சு இறங்கியிருக்கு. அதனால வாங்குறதுக்கு முன்னாடி ஒருத்தர உள்ள டார்ச்சோட உக்கார வச்சு, கீழ இருந்து மேல மெதுவா ஹோஸ் புடிங்க. மேல இருந்து ஆரம்பிச்சா எல்லாப் பக்கமும் வழியும், எங்க ஒழுகுதுன்னே தெரியாது.

சரி, டோருக்கு எது? மீட்டர் கணக்குல கிடைக்கிற சாதா ரப்பர் விலை கம்மி, புதுசுல மெத்துனு நல்லாவும் உக்காரும். ஆனா இயற்கை ரப்பருக்கு வெயிலும் காத்துல இருக்கற ஓசோனும் ஆகாது, வெடிப்பு விட்டு விறைச்சுப்போயிடும். இபிடிஎம்ங்கற செயற்கை ரப்பர் விலை கூட, ஆனா வெயில் மழை ரெண்டையும் தாங்கும், இப்போ வர்ற கார்கள்ல பெரும்பாலும் அதான். அதுக்கு ஆகாதது ஆயில், பெட்ரோல், கிரீஸ். பட்டா ஊதிப்போயிடும், அதனால கிரீஸ் தடவி மாட்டுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, சோப்புத் தண்ணி போதும்.

என் ஓட்டு இபிடிஎம்முக்குத்தான். சிக்கல் தடிமன்லதான் இருக்கு, கெட்டியா திக்கா வாங்கிட்டா டோர ஓங்கி ஓங்கி அடிச்சுத்தான் சாத்தணும். பழைய வண்டியில கீல் தேஞ்சு ஒவ்வொரு டோருக்கும் கேப் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதனால ஸ்பாஞ்சு டைப்பா வாங்கி முதல்ல ஒட்டாம வச்சு, நடுவுல ஒரு பேப்பர் சீட்ட வச்சு சாத்தி இழுத்துப் பாருங்க. லேசா புடிச்சுக்கிட்டு வரணும், சும்மா உருவிட்டு வந்தா அங்க தண்ணி வரும்.

ட்யூப்ல வர்ற சிலிக்கான் பசை வேணவே வேணாம். வினிகர் வாசன அடிக்கற வகை காயும்போது அசிட்டிக் ஆசிட் விடும், பெயின்ட் போன தகரத்துல பட்டா துருதான், அப்புறம் அந்த எடத்துல பெயின்ட்டும் புடிக்காது. முன் கண்ணாடிக்கு அந்த வண்டிக்குன்னே அச்சுல வார்த்த ரப்பர்தான் சரி. 2014-லயே அம்பாசடர் உற்பத்தி நின்னுபோச்சு, அதனால ஒரிஜினல் பழைய ஸ்டாக்னு எடுத்து நீட்டினா மடக்கிப் பாருங்க, கோணில வருஷக்கணக்கா கிடந்தே விறைச்சிருக்கும். மாட்டும்போது ரப்பரோட காடியில, அதாவது பள்ளத்துல, நைலான் கயிறு சுத்தி, வெளிய ஒருத்தர் அமுக்க, உள்ள ஒருத்தர் கயிற உருவணும். ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவுல இறுகாத பியூட்டைல் சீலன்ட் (ஒழுகல அடைக்கற பசை) கொஞ்சம்.

ஒட்டுற ஜோர்ல டோருக்கு அடியில இருக்கற சின்ன ஓட்டைங்கள மட்டும் அடைச்சிடாதீங்க, கண்ணாடி இடுக்கு வழியா டோருக்குள்ள போற தண்ணி வெளிய வர்றது அதுலதான்.